விமான டிக்கெட்டில் விலையோடு பயண நேரத்தையும் பாருங்கள்

செம்பாக்கத்திலிருந்து சிங்கப்பூருக்கோ கொழும்புக்கோ கிளம்புகிறவர்கள் டிக்கெட்டில் முதலில் பார்ப்பது விலையை. அடுத்ததாகப் பார்க்க வேண்டியது பயண நேரம். விமானம் தாமதமானால் சாப்பாடு எப்போது, ரத்தானால் இழப்பீடு எவ்வளவு என்பதெல்லாம் அதை வைத்தே முடிவாகிறது.

நேரக் கணக்கு

சென்னை–சிங்கப்பூர் தூரம் சுமார் 2,900 கி.மீ.; பயணம் நான்கு முதல் நாலரை மணி நேரம். இரவு 11 மணிக்குக் கிளம்பி காலை 6 மணிக்கு இறங்கும் என்று இருந்தால் அதை ஏழு மணி நேரமாக எண்ண வேண்டாம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். கொழும்பு சுமார் 700 கி.மீ., ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்கே கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

உங்கள் உரிமைகள்

இந்திய விமான நிறுவனங்களுக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ) வகுத்த விதிகள் இவை. நீங்கள் நேரத்தோடு செக்-இன் செய்திருக்க வேண்டும்.

• உணவு: இரண்டரை மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 2 மணி நேரத் தாமதத்திலும், ஐந்து மணி நேரம் வரையிலான பயணத்துக்கு 3 மணி நேரத் தாமதத்திலும் தர வேண்டும்.

• தங்குமிடம்: தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் கிடைக்கும். இரவு 8 முதல் அதிகாலை 3 வரை கிளம்ப வேண்டிய விமானம் என்றால் 6 மணி நேரத்தைத் தாண்டினாலே போதும்.

• ரத்து: உரிய முன்னறிவிப்பு இல்லாவிட்டால், மாற்று விமானம் அல்லது முழுப் பணத்தோடு இழப்பீடும் உண்டு. கொழும்பு விமானத்துக்கு ரூ.7,500, சிங்கப்பூர் விமானத்துக்கு ரூ.10,000, அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை இதைவிடக் குறைவென்றால் அந்தத் தொகை.

எங்கே ஏமாறுகிறோம்?

டிராவல் ஏஜென்ட் தன் செல்பேசி எண்ணைக் கொடுத்துப் பதிவு செய்தால், ரத்துச் செய்தி உங்களுக்கு வராது. பயணியின் தொடர்பு விவரம் சரியாக இல்லையென்றால் இழப்பீடும் கிடையாது. உங்கள் எண்ணையே பதியச் சொல்லுங்கள்.

இணைப்பு விமானத்தைத் தனி டிக்கெட்டில் வாங்கினால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும் நஷ்டம் உங்களுடையது. ஒரே பிஎன்ஆரில் எடுப்பதே பாதுகாப்பு.

புயல், வெள்ளத்துக்கு இழப்பீடு இல்லை; தாமதத்துக்கான உணவும் தங்குமிடமும்கூடக் கட்டாயமில்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயலால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டது போன்ற நாட்கள் இந்த வகை. ஆனாலும் ரத்தான விமானத்தின் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

ஜிஎஸ்டி சாலை நெரிசலில் சிக்கி விமானத்தைத் தவறவிட்டவர்களுக்கும் ஒன்று மிஞ்சும். டிக்கெட் திரும்பப் பெற முடியாத வகையாக இருந்தாலும், அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும்.

புகார் எங்கே?

முதலில் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கொடுங்கள். சர்வதேசப் பயணத்தில் பெட்டி சேதமானால் 7 நாட்களுக்குள், தாமதமாகக் கைக்கு வந்தால் 21 நாட்களுக்குள் எழுத வேண்டும். பதில் சரியில்லை என்றால் மத்திய அரசின் ஏர்சேவா தளத்திலும், 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் ஆணையம். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செம்பாக்கத்தாருக்கு அது செங்கல்பட்டு. கொடுத்த தொகை ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். போர்டிங் பாஸ், குறுஞ்செய்தி, சாப்பாட்டு ரசீது எதையும் அதுவரை தூக்கிப் போடாதீர்கள்.