கையெழுத்தும் மௌனமும்: நாடுகளுக்கு இடையிலான சட்டம் எப்படி வேலை செய்கிறது?

தேக்கா சந்தையில் மீன் கழுவும் தண்ணீரும் சிராங்கூன் சாலைக் கடையில் தேநீர் போடும் தண்ணீரும் குழாயிலிருந்துதான் வருகின்றன. அதில் ஒரு பங்கு ஜொகூர் ஆற்றிலிருந்து எல்லையைக் கடந்து வருகிறது. வேறொரு நாட்டின் ஆற்றுநீர் நம் வீட்டுக்குள் வர அடிப்படையாக இருப்பது 1962இல் கையெழுத்தான ஓர் ஒப்பந்தம்.

பன்னாட்டுச் சட்டம் என்றதும் வகுப்பில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்பார்: "டீச்சர், ரெண்டு நாட்டுக்குள்ள சண்டை வந்தா யாரு போலீஸ்? போலீஸே இல்லாத சட்டம் என்ன சட்டம்?" நல்ல கேள்வி. சிங்கப்பூரின் சொந்த அனுபவத்தைக் கொண்டே அதற்கு விடை காண முயல்வோம்.

மேலே யாரும் இல்லாத சட்டம்

இரண்டு கடைக்காரர்களுக்குள் தகராறு என்றால், ஒருவர் மற்றவரை நீதிமன்றத்துக்கு இழுக்கலாம். "எனக்கு இந்த நீதிமன்றம் வேண்டாம்" என்று எதிர்த்தரப்பு தப்பிக்க முடியாது. இருவருக்கும் மேலே ஓர் அரசாங்கம் இருக்கிறது.

நாடுகளுக்கு மேலே அப்படி ஓர் அரசாங்கம் இல்லை. ஒவ்வொரு நாடும் இறையாண்மை உடையது. பெரிய நாடு, சிறிய நாடு என்ற வேறுபாடு சட்டத்தின் முன் கிடையாது. ஆகவே ஒரு நாட்டைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் அதன் சொந்த ஒப்புதல்தான். இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் பாடத்தின் பெரும்பகுதி விளங்கிவிடும்.

அனைத்துலக நீதிமன்றச் சாசனத்தின் 38ஆம் பிரிவு, நீதிபதிகள் எதை வைத்துத் தீர்ப்பளிக்க வேண்டும் என்று சொல்கிறது. முதலாவது, நாடுகள் எழுதிக்கொண்ட உடன்படிக்கைகள். இரண்டாவது, வழக்காறு, அதாவது சட்டக் கடமை என்ற எண்ணத்தோடு நாடுகள் நெடுங்காலம் பின்பற்றி வரும் நடைமுறை. மூன்றாவது, எல்லாச் சட்ட முறைகளுக்கும் பொதுவான கொள்கைகள். முந்தைய தீர்ப்புகளும் அறிஞர்களின் எழுத்துகளும் துணையாக மட்டும் பயன்படும்.

ஒப்புதலுக்கும் ஓர் எல்லை உண்டு. இனப்படுகொலை, அடிமை வணிகம் போன்றவற்றை எந்த நாடும் ஒப்பந்தம் போட்டு அனுமதிக்க முடியாது. அத்தகைய ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது.

கையெழுத்துப் போட்டாச்சு, அப்புறம்?

உடன்படிக்கைகளுக்கான விதிகளைத் தொகுத்தது 1969ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டு உடன்படிக்கை. அது 1980இல் நடப்புக்கு வந்தது. அதன் விதிகளில் பல வழக்காறாகவும் ஏற்கப்பட்டுவிட்டதால், அதில் சேராத நாடுகளையும் கட்டுப்படுத்துகின்றன. 26ஆம் பிரிவுதான் அதன் உயிர்நாடி: நடப்பில் உள்ள உடன்படிக்கை அதன் தரப்பினரைக் கட்டுப்படுத்தும்; அவர்கள் அதை நல்லெண்ணத்துடன் நிறைவேற்ற வேண்டும். 27ஆம் பிரிவு இன்னொரு கதவையும் அடைக்கிறது: "எங்க நாட்டுச் சட்டம் இடம் கொடுக்கல" என்பது உடன்படிக்கையை மீறுவதற்குச் சாக்கு ஆகாது.

கையெழுத்து வேறு, ஏற்புறுதி வேறு என்பதை மாணவர்கள் மறக்கக்கூடாது. பல உடன்படிக்கைகளில் கையெழுத்து முதல் படி மட்டுமே. பிறகு அந்த நாடு தன் முறைப்படி ஆராய்ந்து, "இதற்குக் கட்டுப்படுகிறோம்" என்று முறையாக உறுதி தரும்போதுதான் முழுக் கடமை பிறக்கிறது.

இப்போது தண்ணீருக்கு வருவோம். 1961, 1962ஆம் ஆண்டுகளின் நீர் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டவை இரண்டு நாடுகள் அல்ல. ஒரு தரப்பு சிங்கப்பூர் நகர மன்றம். மறுதரப்பு ஜொகூர் மாநில அரசாங்கம். அப்படியானால் அவை எப்படிப் பன்னாட்டுக் கடமை ஆயின?

விடை பிரிவினை ஒப்பந்தத்தில் இருக்கிறது. 1965 ஆகஸ்ட் 7ஆம் தேதி கோலாலம்பூரில் கையெழுத்தான அந்த ஒப்பந்தத்தில், சிங்கப்பூர்ப் பொதுப் பயனீட்டுக் கழகம் நீர் ஒப்பந்தங்களுக்குக் கட்டுப்படும் என்று சிங்கப்பூர் அரசாங்கமும், ஜொகூர் அரசாங்கம் கட்டுப்படும் என்று மலேசிய அரசாங்கமும் உத்தரவாதம் தந்தன. அந்த ஒப்பந்தம் ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் பதிவும் செய்யப்பட்டது. ஐநா சாசனத்தின் 102ஆம் பிரிவின்படி, பதிவு செய்யாத உடன்படிக்கையை ஐநா அமைப்புகளின் முன் ஆதாரமாகக் காட்ட முடியாது. நகர மன்றத்தின் கையெழுத்து இப்படித்தான் நாட்டின் கையெழுத்தாக உயர்ந்தது.

மாற்ற முடியுமா?

1961 ஒப்பந்தம் 2011இல் முடிந்தது. 1962 ஒப்பந்தம் 2061 வரை நீடிக்கும். அதன்படி சிங்கப்பூர் ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் காலன் வரை எடுக்கலாம். விலை 1,000 காலனுக்கு 3 மலேசிய சென். சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை ஜொகூர் 1,000 காலனுக்கு 50 சென் கொடுத்துத் திரும்ப வாங்கலாம்.

"மூணு சென்னா? அது நியாயமா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். 25 ஆண்டுகளுக்குப் பிறகு விலையை மறுஆய்வு செய்ய ஒப்பந்தத்திலேயே இடம் இருந்தது. 1987இல் மலேசியா அதைப் பயன்படுத்தாததால் அந்த உரிமை போய்விட்டது என்பது சிங்கப்பூரின் நிலைப்பாடு. உரிமை இன்னும் இருக்கிறது என்பது மலேசியாவின் நிலைப்பாடு. தேர்வில் எழுதும்போது இரண்டையும் சொல்லுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: இரு தரப்பும் வாதாடுவது ஒப்பந்தத்தில் உள்ள சொற்களைச் சுற்றித்தான். ஒரு தரப்பு மட்டும் தனியாக விலையை மாற்றிவிட முடியாது என்பதே அடிப்படை விதி.

காலம் மாறிவிட்டது என்பதைக் காரணம் காட்டி விலகலாமா? வியன்னா உடன்படிக்கையின் 62ஆம் பிரிவு அதற்கு மிகக் குறுகிய வழியையே விடுகிறது. எதிர்பாராத மாற்றமாக இருக்க வேண்டும். ஒப்புதலுக்கே அடிப்படையாக இருந்த சூழ்நிலை மாறியிருக்க வேண்டும். கடமையின் அளவையே அது தலைகீழாக்க வேண்டும். எல்லை உடன்படிக்கைகளுக்கு அந்தக் குறுகிய வழியும் இல்லை.

மௌனம் சம்மதம்

ஒப்புதல் எழுத்தில் மட்டும் வருவதில்லை. பேசாமல் இருந்தாலும் வரும். பெட்ரா பிராங்கா வழக்கு இதற்குச் சிறந்த பாடம்.

இது சிங்கப்பூருக்குக் கிழக்கே ஏறத்தாழ 24 கடல் மைல் தொலைவில் உள்ள சிறு பாறைத் தீவு. ஜொகூரிலிருந்து 7.7 கடல் மைல்தான். மலேசியர்கள் இதைப் புலாவ் பத்து புத்தே என்பார்கள். பிரிட்டிஷார் அங்கே கட்டிய ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் 1851 முதல் எரிகிறது. 1979இல் மலேசியா வெளியிட்ட வரைபடம் தீவைத் தன் எல்லைக்குள் காட்டியது. 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் எதிர்ப்புத் தெரிவித்தது.

இங்கேயும் ஒப்புதல் தேவைப்பட்டது. மலேசியா சம்மதிக்காமல் சிங்கப்பூர் வழக்கை அனைத்துலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வழி இல்லை. 2003இல் இரு நாடுகளும் தனி ஒப்பந்தம் செய்து தி ஹேக் நகருக்குச் சென்றன. 2007இல் வாதாடிய சிங்கப்பூர்க் குழுவில், முன்னாள் சட்டப் பேராசிரியரும் அப்போதைய துணைப் பிரதமருமான எஸ். ஜெயக்குமாரும் டாமி கோவும் இருந்தார்கள்.

2008 மே 23ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தீவு முதலில் ஜொகூர் சுல்தானுக்கே உரியதாக இருந்தது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அத்தோடு முடிந்திருந்தால் மலேசியா வென்றிருக்கும். ஆனால், 1953இல் தீவின் நிலை பற்றிச் சிங்கப்பூர் கேட்டபோது, பெட்ரா பிராங்காவுக்கு உரிமை கோரவில்லை என்று ஜொகூரின் தற்காலிக மாநிலச் செயலாளர் பதில் எழுதியிருந்தார். அதன்பின் சிங்கப்பூர் அங்கு கப்பல் விபத்துகளை விசாரித்தது. தீவுக்கு வர விரும்பிய மலேசிய அதிகாரிகளிடம் அனுமதி பெறச் சொன்னது. இராணுவத் தொடர்புக் கருவியைப் பொருத்தியது. மலேசியத் தரப்பு எதிர்க்கவில்லை. மலேசியாவின் சில வரைபடங்களே தீவைச் சிங்கப்பூருடையதாகக் காட்டின. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த நீதிமன்றம், 1980க்குள் இறையாண்மை சிங்கப்பூருக்கு மாறிவிட்டது என்று 12க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது.

பக்கத்திலுள்ள மிடல் ராக்ஸ் பாறைகளில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆகவே அவை மலேசியாவுக்கே உரியவை என்றது தீர்ப்பு. நமக்கு அருகில் இருக்கிறது என்பதற்காக ஓர் இடம் நமக்குச் சொந்தமாகிவிடாது. கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டோமா என்பதையும் சட்டம் பார்க்கிறது.

தோற்றாலும் ஏற்பது

இப்போது அந்த மாணவரின் கேள்விக்குத் திரும்புவோம். போலீஸ் இல்லாதபோது நாடுகள் ஏன் அடங்குகின்றன?

ரயில் நில வழக்கைப் பாருங்கள். தஞ்சோங் பகார் நிலையமும் அதன் ரயில் நிலங்களும் தொடர்பாக 1990இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதை எப்படிப் பொருள்கொள்வது என்பதில் இழுபறி நீடித்தது. 2010இல் தீர்வு கண்டு, 2011 ஜூலை 1 முதல் ரயில் சேவை உட்லண்ட்சுக்கு மாறியது. சில நிலங்களுக்கு மேம்பாட்டுக் கட்டணம் கட்ட வேண்டுமா என்ற ஒரு கேள்வி மட்டும் மிஞ்சியது. இரு நாடுகளும் அதை நடுவர் மன்றத்திடம் விட்டன. கட்ட வேண்டியதில்லை என்று 2014இல் மன்றம் சொன்னது. தீர்ப்பு சிங்கப்பூரின் வாதத்துக்கு எதிரானது. சிங்கப்பூர் அதை ஏற்றுக்கொண்டது.

இன்று நான் தோற்ற தீர்ப்பை மீறினால், நாளை நான் வென்ற தீர்ப்பை மற்றவர் மீறுவார். சொன்ன சொல் காக்காத நாட்டோடு யாரும் ஒப்பந்தம் செய்ய முன்வர மாட்டார்கள். படைபலத்தால் எதையும் சாதிக்க முடியாத சிறிய நாட்டுக்குச் சட்டமே கவசம். கவசம் வேண்டுமென்றால், அது தனக்கே பாதகமாக இருக்கும் நாளிலும் அதைக் கழற்றக்கூடாது.

தேர்வுக்கு முன் சரிபார்க்க

• ஐநா பொதுச்சபைத் தீர்மானங்கள் பொதுவாக நாடுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்துவதில்லை. பாதுகாப்பு மன்றத்தின் முடிவுகள் சாசனத்தின் 25ஆம் பிரிவின்படி கட்டுப்படுத்தும். இரண்டையும் குழப்ப வேண்டாம்.

• "அனைத்துலக நீதிமன்றத்தில் யார் மீதும் வழக்குப் போடலாம்" என்று எழுதுவது தவறு. வழக்குத் தொடுப்பது நாடாக இருக்க வேண்டும். எதிர்த்தரப்பும் ஏதாவதொரு வகையில் ஒப்புதல் தந்திருக்க வேண்டும்.

• வகுப்பு விவாதத்துக்கு: இந்தியாவும் இலங்கையும் 1974இல் செய்த உடன்பாட்டால் கச்சத்தீவு இலங்கைப் பக்கம் சேர்ந்தது. உள்நாட்டில் முறையான ஒப்புதல் பெறப்படவில்லை என்று தமிழ்நாட்டில் வாதம் உண்டு. மேலே பார்த்த 27ஆம் பிரிவை வைத்து இருபக்கமும் பேசச் சொல்லுங்கள்.

• எழுத்துப் பயிற்சிக்கு: 2061இல் நீர் ஒப்பந்தம் முடியும்போது இன்றைய மாணவர்கள் நடுவயதைத் தாண்டியிருப்பார்கள். அந்தப் பேச்சுவார்த்தையில் சிங்கப்பூரின் பிரதிநிதியாக நீங்கள் அமர்ந்தால், புதிய ஒப்பந்தத்தில் எந்த மூன்று விதிகளைத் தெளிவாக எழுதிக்கொள்வீர்கள்? ஏன்?