மின்மினி சொல்லும் சாட்சி

பூட்டு என்று ஒன்று இருந்தால், கள்ளச்சாவி என்றும் ஒன்று உண்டல்லவா? வீட்டுக்கு மட்டுமல்ல, நம் உடம்புக்கும் கள்ளச்சாவிகள் உண்டு! அவற்றைக் காட்டிக் கொடுக்கும் சாட்சி யார் தெரியுமா? வேலியோரம் இரவில் மினுக்கு மினுக்கென்று பறக்கிறதே, அந்த மின்மினியின் இனத்தைச் சேர்ந்த ஓர் அமெரிக்கப் பூச்சி!

விஷயம் இதுதான். நம் உயிரணுக்களில் 'ஏற்பி' என்ற புரதங்கள் இருக்கின்றன. இவை பூட்டு, ஹார்மோன் சாவி. சாவி பொருந்தியதும், உயிரணுவின் உட்கருவிலே ஏற்பி மரபணுக்களின் மேல் போய் உட்கார்ந்து, "வேலையைத் தொடங்கு" என்று உத்தரவு போடுகிறது. இத்தகைய உட்கரு ஏற்பிகள் மனிதருக்கு 48 வகை. பெண்மைக்குரிய ஈஸ்ட்ரோஜன், தைராய்டு ஹார்மோன், வைட்டமின் 'டி' எல்லாம் இவற்றின் மூலமே ஆட்சி செய்கின்றன.

குழாய் செய்த குறும்பு

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரில், மார்புப் புற்றுநோயால் வருந்திய ஒரு கன்னிகாஸ்திரீயின் உடலிலிருந்து 1970-ல் எடுத்த உயிரணுக்களை ஆராய்ச்சிக்கூடத்தில் வளர்த்தார்கள். 'எம்.சி.எஃப்-7' என்று அவற்றுக்குப் பெயர். ஈஸ்ட்ரோஜன் பட்டால் மளமளவென்று பெருகும் குணமுள்ளவை அவை.

பாஸ்டன் நகரின் டஃப்ட்ஸ் சர்வகலாசாலையில் அனா சோட்டோ என்ற அம்மையாரும் கார்லோஸ் சோனென்ஷைன் என்பவரும் இந்த அணுக்களை வைத்து ஆராய்ந்து வந்தார்கள். ஒரு சமயம், ஈஸ்ட்ரோஜன் துளிகூடச் சேர்க்காத தட்டுகளிலும் அணுக்கள் பெருகத் தொடங்கின! இது என்ன மாயம்? தேடித் தேடிப் பார்த்ததில் குற்றவாளி அகப்பட்டது. வேறொன்றுமில்லை, அவர்கள் உபயோகித்த பிளாஸ்டிக் குழாய்தான்! அதிலிருந்து கசிந்த நோனைல்பீனால் என்ற ரசாயனம் ஹார்மோன் வேஷம் போட்டிருந்தது. 1991-ல் இதை உலகுக்கு அறிவித்தார்கள்.

ஆனால் அணுக்கள் பெருகுவதை எண்ணிப் பார்க்க ஆறு நாள் காத்திருக்க வேண்டும். ஆயிரக்கணக்கான ரசாயனங்களைச் சோதிப்பது எப்போது?

கோலமா, கல்வெட்டா?

இங்கேதான் மின்மினி வருகிறது. அதற்கு ஒளி தரும் 'லூசிஃபரேஸ்' என்ற பொருளுக்குரிய மரபணுவை விஞ்ஞானிகள் 1985-ல் பிரித்தெடுத்திருந்தார்கள். அதை, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி வந்து உட்காரும் மரபுத் துண்டோடு ஒட்டி, மனித உயிரணுவுக்குள் செலுத்தினால்? சாவி பொருந்தும்போதெல்லாம் விளக்கு எரியும்!

ஆனால் சும்மா செலுத்திய மரபணு வாசலில் போட்ட கோலம் மாதிரி; சில நாளில் அழிந்துவிடும். அணுவின் சொந்த மரபிழையிலே கலந்துவிட்டால் அது கல்வெட்டு. பிள்ளை, பேரன் என்று தலைமுறை தலைமுறையாக நிலைத்து நிற்கும். அப்படிக் கலந்த அணுக்கள் மிகச் சில. அவற்றைப் பொறுக்குவது எப்படி? ஒரு மருந்தைத் தாங்கும் மரபணுவையும் கூடவே சேர்த்து அனுப்பி, பிறகு அந்த மருந்தை ஊற்றுகிறார்கள். ஏற்றுக்கொண்டவை பிழைக்கும், மற்றவை மடியும். முறத்தில் புடைத்து மணியைப் பிரிப்பது போலத்தான்! பிழைத்தவற்றில் நன்றாக ஒளிர்வதைத் தேர்ந்து வளர்த்தால், நிலையான அணு வம்சம் தயார். பிரான்ஸ் தேசத்து மோன்பெலியே நகர விஞ்ஞானிகள் எம்.சி.எஃப்-7 அணுக்களிலிருந்தே இப்படி ஒரு வம்சத்தை உண்டாக்கி, 1999-ல் வெளியிட்டார்கள். அந்த ஒளியைக் கண்ணால் காண முடியாது. கருவி அளந்து சொல்லும். ஆறு நாள் வேலை ஒரே நாளில் முடிகிறது.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? பிஸ்பீனால்-ஏ என்ற பொருள் ஈஸ்ட்ரோஜன் போல நடக்கும் என்று 1936-லேயே எலிகளில் கண்டிருந்தார்கள். இருந்தும் பிற்காலத்தில் குழந்தைகளின் பால் புட்டிகூட அதைக் கொண்டு செய்த பிளாஸ்டிக்கில் வந்தது! மின்மினி அணுக்களும் அதைக் கண்டு ஒளிர்ந்தன. 2011-ல் ஐரோப்பிய யூனியன் பால் புட்டிகளில் அதற்குத் தடை போட்டது. கள்ளச்சாவியைப் பிடிப்பது மட்டுமல்ல. பூட்டை அடைக்கும் மருந்தையும் இதே அணுக்கள் சோதிக்கும். மார்புப் புற்றுநோய்க்குத் தரும் டாமாக்ஸிஃபென் பட்டால் விளக்கு மங்குகிறது!

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். விளக்கு எரிந்தால் அந்தப் பொருள் விஷம் என்று தீர்ப்பாகிவிடாது. தட்டிலுள்ள அணுவுக்கு ஈரலும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. சாட்சி சொல்வது அணுவின் வேலை. தீர விசாரிப்பது மனிதரின் பொறுப்பு.

அந்தக் கன்னிகாஸ்திரீ 1970-லேயே காலமாகிவிட்டார். அவரை வாட்டிய நோயின் அணுக்களோ, ஊர் பேர் தெரியாத எத்தனையோ பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இன்றும் காவல் நிற்கின்றன!