தேவாலய ஸ்டோலும் நம் கைத்தறியும்

சேலையையும் வேட்டியையும் மட்டுமே நம்பித் தறியை ஓட்டுவது வரவர அரிதாகி வருவதை நெசவாள அங்கத்தினர் யாவரும் அறிவர். ஆகவே, பிற விற்பனை வழிகளையும் சங்கங்கள் நாடவேண்டியுள்ளது. அவற்றுள் ஒன்றை இங்கு விளக்க முற்படுகிறோம். கிறிஸ்தவக் குருமார் வழிபாட்டின்போது அணியும் 'ஸ்டோல்' என்னும் நீண்ட பட்டைத்துணியே அது.

கேட்போர் தொலைவில் இல்லை. கத்தோலிக்க மறைமாவட்டம், தென்னிந்தியத் திருச்சபையின் திருச்சி–தஞ்சாவூர்த் திருமண்டலம், 1919இல் அமைந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை ஆகிய மூன்றின் தலைமையிடங்களும் திருச்சிராப்பள்ளியிலேயே உள்ளன. கைலாசபுரம் போன்ற தொழிற்சாலைக் குடியிருப்புகளிலும் கிறிஸ்தவக் குடும்பங்கள் பல வாழ்கின்றன.

ஸ்டோல் வெறும் அலங்காரத் துணியன்று. குருப்பட்டம் பெற்றவரின் பணிக்கு அடையாளம். குரு அதனைக் கழுத்தில் இட்டு இருமுனைகளும் முன்புறம் தொங்குமாறு அணிவார். கத்தோலிக்கத் திருத்தொண்டரோ இடத்தோளினின்று குறுக்காக வலப்பக்கம் கொண்டுவந்து அணிவார். இந்த ஆடைக்கும் நம் அங்கவஸ்திரத்துக்கும் உள்ள ஒப்புமை பிறர் கண்ணிலும் பட்டுள்ளது. இந்தியக் கத்தோலிக்க வழிபாட்டிற்கென ரோமாபுரி 1969 ஏப்ரல் 25இல் அனுமதித்த பன்னிரண்டு மாற்றங்களுள், பழைய உடைத்தொகுதிக்குப் பதிலாக ஓர் எளிய மேலங்கியும் அங்கவஸ்திரம் போன்ற ஸ்டோலும் அணியலாம் என்பதும் ஒன்று. அந்தந்த நாட்டு இயற்கை நூல் துணிகளை வழிபாட்டு உடைக்குப் பயன்படுத்தலாம் என்றும், உடையின் மேன்மை மிகையான அலங்காரத்தில் அன்றித் துணியிலும் அமைப்பிலும் விளங்கவேண்டும் என்றும் கத்தோலிக்கத் திருப்பலி நூலின் பொது விதிகள் கூறுகின்றன. கைத்தறிக்கு இதனினும் நல்ல பரிந்துரை வேறென்ன வேண்டும்?

முதலில் அறியவேண்டியது நிறம். கத்தோலிக்க முறைப்படி, கிறிஸ்து பிறப்பு, உயிர்ப்புக் காலங்களுக்கு வெண்மை; பெந்தெகொஸ்தே நாளுக்கும் இரத்தசாட்சிகள் விழாவுக்கும் சிவப்பு; திருவருகைக் காலத்துக்கும் தவக்காலத்துக்கும் ஊதா; ஆண்டில் 33 அல்லது 34 வாரம் வரும் பொதுக்காலத்துக்குப் பச்சை. மிகுதியாக உழைப்பது பச்சையே. ஆதலின் அதன் சாயம் வெயிலுக்கும் வியர்வைக்கும் தாங்கவேண்டும். உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 22 முதல் ஏப்ரல் 25க்குள் ஆண்டுதோறும் மாறி வரும். எனவே, தவக்கால ஊதாவை எப்போது ஒப்படைப்பது என்பதை நாட்காட்டி பார்த்தே முடிவு செய்க. பிற சபைகளின் வழக்கத்தை அவ்வச்சபையிடமே கேட்டறிக.

அடுத்தது சின்னம். சிலுவை கிறிஸ்துவின் பலியையும், புறா தூய ஆவியையும், கோதுமைக் கதிரும் திராட்சைக் குலையும் நற்கருணையின் அப்பத்தையும் இரசத்தையும் குறிக்கும். நம் நாட்டு வடிவங்களுக்கும் முன்மாதிரி உண்டு. சென்னைப் பரங்கிமலையில் 1547இல் கிடைத்த கற்சிலுவை தாமரைப் பீடத்தின்மேல் நிற்கிறது. ஆயினும் காவிரிக்கரை வழக்கமெனக் கருதிக் கோதுமைக்குப் பதில் நெற்கதிரை நாமாகவே நெய்துவிடலாகாது. வரைபடத்தைக் குருவிடம் காட்டி, எழுத்து மூலம் சம்மதம் பெற்ற பின்னரே தறியில் ஏற்றவேண்டும். ஒரு முனைக்கு ஒரு சின்னமே போதும். பல சின்னங்கள் நெருங்கினால் தூரத்தில் இருப்போர்க்கு ஒன்றும் புலப்படாது.

இனி நெசவு. ஒன்பதடி நீளத் துணியை ஒரே போக்கில் நெய்து இருமுனையிலும் ஒரே புட்டாவைப் போட்டால், கழுத்தில் இட்டவுடன் ஒரு முனைச் சின்னம் தலைகீழாகத் தொங்கும். இதனைத் தவிர்க்க எளிய வழி, இரு பாதியாக நெய்து பிடரியில் இணைப்பதாம். 5 அங்குல அகல ஸ்டோலுக்கு, மடிப்பும் தையலும் சேர்த்து 11 அங்குலம் வேண்டும். 44 அங்குலத் துணியில் இவ்வாறு நான்கு பட்டைகள் அடங்கும். பாதி நீளம் 54 அங்குலம். இருபுறத் தையலுக்கு 2 அங்குலம் கூட்டினால் 56. ஆகவே, 56 அங்குலம் நெய்தால் இரண்டு ஸ்டோல்களுக்குத் துணி கிடைக்கும். சின்னங்கள் யாவும் நேராகவே நிற்கும். அணிபவரின் உயரத்துக்கும் துணி சுருங்குவதற்கும் ஏற்ப நீளத்தைக் கூட்டிக்கொள்க. பிடரியில் ஜரிகை வேண்டாம். வியர்வை பட்டுக் கறுக்கும். கழற்றித் துவைக்கத்தக்க வெள்ளைப் பருத்தித் துணியை அங்கே தைத்துக் கொடுப்பது நன்று.

இறுதியாக, கூலி. இதில்தான் சங்கம் கண்ணுங்கருத்துமாக இருக்கவேண்டும். புட்டா நிறைந்த 56 அங்குலம், சாதாரணத் துணியின் 56 அங்குலத்துக்கு ஒப்பாகாது. நீளத்தை அளந்து கூலி கொடுத்தால், நுணுக்கமாக உழைத்தவரே நஷ்டமடைவார். அடுத்த ஆர்டருக்கு அவர் தறியில் அமரமாட்டார். எனவே, புட்டாவுக்கென்று தனிக்கூலியை நிர்வாகக் குழு முன்னதாகவே தீர்மானம் செய்க. மேலும், ஜக்கார்டு அட்டை வெட்டும் செலவு இரண்டு ஸ்டோலுக்கும் நாற்பதுக்கும் ஒன்றே. பல ஆலயங்களின் தேவையை ஒருங்கே திரட்டினால், அச்செலவு பகிரப்பட்டு விலை குறையும், கூலி குறையவேண்டியதில்லை. ஒரு மாதிரியும் முன்பணமும் இன்றிச் சரக்கு நெய்து அடுக்குதல் கூடாது.

பிறர் வழிபாட்டின் பொருளை மதித்து அறிந்து, அளவு தவறாது நெய்து, நெய்தவர்க்கு நியாயம் செய்யும் சங்கத்தை ஆலயங்கள் தாமே தேடிவரும். அங்கத்தினர்கள் இதனைத் தத்தம் சங்கப் பொதுக்கூட்டத்தில் ஆலோசிப்பார்களாக.