தகவல் துளி: சுரங்க ரயிலடியில் ஒரு யாழ்

1980களின் பிற்பாதியில் லண்டன் சுரங்க ரயில் நிலையங்களில் பாடிக் காசு வாங்கிக்கொண்டிருந்த கலைஞர்களில் ஒருவர், கென்யாவின் அயூப் ஒகாடா. 1956-இல் மொம்பாசாவில் பிறந்தவர். கையில் கிட்டார் இல்லை, நியாடிடி இருந்தது.

விக்டோரியா ஏரிக்கரையில் வாழும் லுவோ மக்களின் எட்டு நரம்பு யாழ் அது. வாசிப்பவர் தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து, இரு கை விரல்களாலும் நரம்புகளை மீட்டுவார். கால் பெருவிரலில் ஓர் இரும்பு வளையம். அதனால் யாழின் மரச்சட்டத்தைத் தட்டித் தாளம் போடுவார். காலில் சலங்கையும் உண்டு. பாட்டும் அவரே. பக்கவாத்தியக்காரர் யாரும் தேவையில்லை, கூலியும் மிச்சம்!

ரயிலடியில் பாடியவருக்கு வோமாட் உலக இசை விழாவின் மேடை கிடைத்தது. பாடகர் பீட்டர் கேப்ரியல் தொடங்கிய ரியல் வேர்ல்ட் நிறுவனம் 1993-இல் 'என் மனா குவோயோ' என்ற அவரது இசைத்தொகுப்பை வெளியிட்டது. பெரும்பாலும் யாழும் குரலும்தான், அலங்காரம் குறைவு. அதுவே அதன் அழகு என்பேன். அதிலுள்ள 'கோத்பிரோ', மழை வரப்போவதைச் சொல்லும் பாட்டு. 2005-இல் வெளிவந்த 'தி கான்ஸ்டன்ட் கார்டனர்' திரைப்படத்திலும் அது ஒலித்தது. லுவோ மொழி ஒரு சொல்கூடத் தெரியாதவர்களும் அதைத் தேடிக் கேட்டார்கள்.

பின்னாளில் கென்யாவுக்கே திரும்பிய ஒகாடா, 2019-இல் காலமானார்.