சாக்லேட்டில் தோய்த்த பேக்கன்

பன்றி இறைச்சிக்கு மேல் சாக்லேட்டா என்று முகம் சுளிக்கிறவர்கள் கையிலிருக்கும் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கேளுங்கள். அமெரிக்காவில் இது திருவிழாத் தின்பண்டம். மினசோட்டா மாநிலக் கண்காட்சியில் ‘பிக் லிக்கர்ஸ்’ என்று பெயர் வைத்து விற்றார்கள். கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் கடற்கரையிலும் கிடைக்கும். ஆனால் வீட்டில் செய்வதற்கு இதைவிடச் சுலபமான பலகாரம் குறைவு. இரண்டே பொருள்தான்.

முதலில், இது ஏன் ருசிக்கிறது? பன்றியின் வயிற்றுப் பக்கத்துக் கறியை உப்பு, கொஞ்சம் சர்க்கரை, நைட்ரைட் போட்டு ஊறவைத்து, புகையூட்டி, மெல்லிசாகச் சீவினால் பேக்கன். உப்பும் புகை வாசனையும் கொழுப்பும் அதிலேயே இருக்கின்றன. உப்பு நாக்கில் கரிப்பதோடு நிற்பதில்லை, கசப்பையும் அடக்கும். பிலடெல்பியாவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்த பிரெஸ்லினும் போஷாம்பும் 1997இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார்கள். கசப்பும் இனிப்பும் கலந்த கரைசலில் சோடியம் உப்பைச் சேர்த்தால் கசப்பு குறைந்து, அதுவரை அமுங்கிக் கிடந்த இனிப்பு தூக்கலாகத் தெரிகிறது. அதனால் என் ஓட்டு டார்க் சாக்லேட்டுக்குத்தான், 60 முதல் 70 சதவீதம் கொக்கோ உள்ளது. மில்க் சாக்லேட்டில் உப்பு அடக்குவதற்குக் கசப்பு அதிகமில்லை, இரண்டாவது துண்டிலேயே திகட்டிவிடும்.

இனி பேக்கன். வெற்றி தோல்வி முழுக்க இங்கேதான். தவாவில் போட்டால் சுருண்டுகொள்ளும், சுருண்டதைச் சாக்லேட்டில் சீராகத் தோய்க்க முடியாது. ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, ட்ரேயில் பட்டர் பேப்பர் விரித்து, துண்டுகளை ஒட்டாமல் பரப்பி, 15 முதல் 20 நிமிடம் விடுங்கள். முதலில் வெள்ளைக் கொழுப்பு கண்ணாடி போலாகிப் பளபளக்கும். பிறகு ஓரங்கள் நெளியும், கொழுப்பு உருகி ட்ரேயில் கொதிக்கும், துண்டின் மேல் பொடிப்பொடியாக நுரை கட்டும். நுரை கட்டி, நிறம் கருஞ்சிவப்புக்குத் திரும்பும்போது எடுத்துவிட வேண்டும். ஆறும்போது இன்னும் விறைக்கும். டிஷ்யூ பேப்பரில் இரண்டு பக்கமும் ஒற்றி எடுத்து, தொட்டால் சூடே தெரியாத அளவுக்கு ஆறவிடுங்கள். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தொங்காமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். தொங்கினால் மறுபடி ஓவனுக்குத்தான். சவசவத்த கொழுப்பைச் சாக்லேட்டுக்குள் மறைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், கடித்தவுடன் அதுதான் பல்லில் இழுக்கும். எண்ணெய்ப் பிசுக்கு மிச்சமிருந்தால் சாக்லேட் ஒட்டாமல் வழுக்கும், சூடு மிச்சமிருந்தால் உறையாமல் இளகி நிற்கும்.

பத்துப் பன்னிரண்டு துண்டுக்கு 250 கிராம் சாக்லேட் போதும். பொடியாக நறுக்கி, மூன்றில் இரண்டு பங்கைக் கிண்ணத்தில் போட்டு, இலேசாகக் கொதிக்கும் தண்ணீரின் ஆவியில் உருக்குங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. உள்ளே ஒரு சொட்டு ஈரம் விழுந்தாலும் சர்க்கரையும் கொக்கோத் துகளும் அதைப் பிடித்துக்கொண்டு களியாகக் கட்டிவிடும். கரண்டியும் கையும்கூட உலர்ந்திருக்கட்டும்.

45 டிகிரி வந்ததும் இறக்கி, மிச்சமிருக்கும் சாக்லேட்டைப் போட்டுக் கிளறிக்கொண்டே 31, 32 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். பாகுக்குப் பதம் பார்ப்பது போலத்தான் இதுவும். கொக்கோ வெண்ணெய் ஆறு விதமாக உறையக்கூடியது. அதில் ஒரு விதம்தான் பளபளப்பும், உடைத்தால் ‘டக்’கென்ற ஓசையும் தரும். அது சுமார் 34 டிகிரியில் உருகும் என்பதால் வாய்க்குள் போனதும் கரைகிறது. கத்தி முனையில் கொஞ்சம் தடவிப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்குள் மினுமினுப்பாக உறைந்தால் பதம் சரி. அவசரப்பட்டு உருக்கி அப்படியே தோய்த்தால் மேலே வெள்ளை பூத்துப்போகும். தின்னலாம், கெடுதல் இல்லை, அழகு போய்விடும். பேக்கரி சாமான் கடைகளில் கிடைக்கும் காம்பவுண்ட் சாக்லேட்டுக்கு இந்தப் பதம் வேண்டாம். ருசியும் அந்த அளவுக்குத்தான்.

முழுதாக மூழ்கடிக்காமல் முக்கால் பாகம் தோயுங்கள். மிச்சக் கால் பாகம் கைப்பிடிக்கும் ஆகும், புகை வாசனையும் முதலில் மூக்குக்கு வரும். தோய்த்ததைப் பட்டர் பேப்பரில் கிடத்தி, ஈரமாக இருக்கும்போதே வறுத்த பாதாமைப் பொடித்துத் தூவலாம், ஒரு சிட்டிகை மிளகாய்த்தூளும் பொருந்தும். மேலே உப்பு மட்டும் வேண்டாம், பேக்கனில் உள்ளதே தாராளம்.

சாக்லேட் போர்த்தியிருந்தாலும் உள்ளே இருப்பது கறி. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். மூடி போட்ட டப்பாவில், ஃப்ரிட்ஜில் மூன்று நான்கு நாள் தாங்கும். ஆனால் நாள் ஆக ஆக மொறுமொறுப்பு இறங்கிவிடும். அன்றைக்குத் தின்னும் அளவுக்கு மட்டும் செய்யுங்கள்.