லாகின் திரையில் ஒரு பற்சக்கரம்

இன்று உபுண்டுவில் டெஸ்க்டாப்பை மாற்ற நினைப்பவருக்கு வேலை அதிகமில்லை. லாகின் திரையில் தன் பெயரைச் சொடுக்கி, கீழே வலது மூலையில் தெரியும் பற்சக்கரத்தை அழுத்தினால் ஒரு பட்டியல் விரியும். க்னோம் அதில் ஏற்கெனவே இருக்கும். நிறுவியிருந்தால் கேடிஇ-யின் பிளாஸ்மா, எக்ஸ்எஃப்சிஇ, சினமன் எல்லாம் வரிசையில் நிற்கும். ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கடவுச்சொல் கொடுத்தால், மெனு, பேனல், ஜன்னலின் ஓரம், கோப்பு மேலாளர் வரை அத்தனையும் வேறாகிவிடும். கோப்புகள் வைத்தது வைத்தபடி இருக்கும். பிடிக்கவில்லையா, வெளியே வந்து பழையதையே திரும்பத் தேர்ந்தெடுக்கலாம்.

1990களின் கடைசியில் லினக்ஸ் பழகியவர்களுக்கு இந்தப் பற்சக்கரம் நம்ப முடியாத வசதியாகத் தெரியும். அன்று பல கணினிகள் கறுப்பு எழுத்துத் திரையில்தான் விழித்தன. லாகின் செய்து ‘ஸ்டார்ட்எக்ஸ்’ என்று தட்டிய பிறகே படத்திரை வரும். எந்த டெஸ்க்டாப் வரவேண்டும் என்பதை ஹோம் அடைவில் மறைந்திருக்கும் ‘எக்ஸ்இனிட்ஆர்சி’ என்ற சிறு கோப்பின் கடைசி வரி முடிவு செய்தது. அதை விஐ எடிட்டரில் திறந்து, கேடிஇ-யைத் தொடங்கும் கட்டளையை அழித்துவிட்டு க்னோமைத் தொடங்கும் கட்டளையை எழுத வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் திரை ஒருமுறை மின்னிவிட்டு மறுபடி எழுத்துத் திரையில் வந்து நின்றுவிடும். இந்த வேலையைச் சுலபமாக்க, லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட் ‘ஸ்விட்ச்டெஸ்க்’ என்ற கருவியைத் தந்தது. அதற்கும் முந்தைய படி ஒன்று இருந்தது. மானிட்டரின் கிடைமட்ட, செங்குத்து அதிர்வெண் எல்லைகளை அமைப்புக் கோப்பில் எழுத வேண்டும். தவறான எண் மானிட்டரையே கெடுத்துவிடலாம் என்று கையேடுகள் எச்சரித்தன.

இவையெல்லாம் கைவேலை, பழகினால் கைவந்துவிடும். உண்மையான சிரமம் டெஸ்க்டாப் மாறிய பிறகுதான் தொடங்கியது. அதற்குக் காரணம் அந்த டெஸ்க்டாப்கள் பிறந்த கதையில் இருக்கிறது.

1996 அக்டோபர் 14 அன்று, ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக மாணவர் மத்தியாஸ் எட்ரிச் ஓர் அறிவிப்பை வெளியிட்டார். யூனிக்ஸ் திரையில் ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு முகத்தோடு வருகிறது, பொத்தானும் ஸ்க்ரோல்பாரும்கூட ஒன்றுபோல் இல்லை, சாதாரணப் பயனருக்கென்று ஒரே சீரான சூழல் வேண்டும் என்பது அவருடைய எண்ணம். அப்படிப் பிறந்ததுதான் கேடிஇ. அதற்கு அவர் தேர்ந்தெடுத்த க்யூடி நூலகம் நார்வேயின் ட்ரோல்டெக் நிறுவனத்துடையது. அதன் உரிமம் அன்று முழுமையாகக் கட்டற்றதாக இல்லை. கட்டற்ற மென்பொருளின் முகப்பே கட்டுள்ள நூலகத்தின் மேல் நிற்கலாமா என்ற கேள்வியிலிருந்து 1997 ஆகஸ்டில் க்னோம் திட்டம் எழுந்தது. தொடங்கியவர்கள் மெக்சிகோவைச் சேர்ந்த மிகேல் தெ இகாசாவும் ஃபெடெரிகோ மேனாவும்.

ஆகவே இரண்டுக்கும் இடையே இருந்த பிளவு வெறும் தோற்றத்தில் மட்டும் இல்லை. ஒன்று சி++ மொழியில், இன்னொன்று சி மொழியில். பொத்தான் வரையும் நூலகம் வேறு. நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் முறை ஒரு பக்கம் டிகாப், மறுபக்கம் கோர்பா. ஒன்றில் நிறுவிய நிரல் மற்றதன் மெனுவில் வந்து சேராது. ஓரிடத்தில் நகலெடுத்த வரியை மற்றோரிடத்தில் ஒட்டினால் வேறு ஏதோ வந்து விழும். தேர்ந்தெடுத்த எழுத்தை இரு முகாம்களும் வேறு வேறு விதமாக நினைவில் வைத்ததுதான் காரணம்.

ஒரே வேலையை இரண்டு கூட்டம் செய்து உழைப்பை வீணடித்தது என்று அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்பவர்கள் இன்றும் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. 2000 செப்டம்பரில் ட்ரோல்டெக் க்யூடியை ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டது. எதிரில் க்னோம் என்ற மாற்று வளர்ந்து நிற்காவிட்டால் அது அத்தனை சீக்கிரம் நடந்திருக்காது என்பது என் உறுதியான கணிப்பு. இன்று பிளாஸ்மாவைப் பயன்படுத்துகிறவரும் அந்தப் போட்டியின் பயனைத்தான் அனுபவிக்கிறார்.

அதே 2000-இல் ரெட் ஹேட் பொறியாளர் ஹவோக் பென்னிங்டன் ஃப்ரீடெஸ்க்டாப் என்ற பொது மேடையைத் தொடங்கினார். அங்கே எந்த டெஸ்க்டாப்பையும் உருவாக்கவில்லை, உடன்படிக்கைகளைத்தான் உருவாக்கினார்கள். ஒரு நிரலின் பெயர், படவுரு, தொடங்கும் கட்டளை மூன்றையும் ஒரே வடிவக் கோப்பில் எழுதுவோம். எல்லா மெனுவும் அதையே படிக்கட்டும். அமைப்புகளை ஹோம் அடைவில் கண்ட இடத்தில் கொட்டாமல் குறித்த அடைவுக்குள் வைப்போம். நிரல்கள் பேசிக்கொள்ள டி-பஸ் என்ற ஒரே வழியைப் பயன்படுத்துவோம். 2008-இல் வந்த கேடிஇ 4 தன் பழைய டிகாப்பை விட்டு டி-பஸ்ஸுக்கு மாறியது. லாகின் திரையில் விரியும் பட்டியலும் இப்படிப்பட்ட ஒப்பந்தத்தின் விளைவுதான். ஒவ்வொரு டெஸ்க்டாப்பும் நிறுவப்படும்போது குறிப்பிட்ட அடைவில் ஒரு சிறு கோப்பை வைத்துவிடுகிறது. லாகின் நிரல் அந்த அடைவைப் படித்துப் பெயர்களைக் காட்டுகிறது. ஒரே சொடுக்கில் முடிகிற வேலைக்குப் பின்னால் போட்டியாளர்கள் உட்கார்ந்து பேசிய ஆண்டுகள் இருக்கின்றன.

இந்த ஒப்பந்தங்களால் ஒரு டெஸ்க்டாப்பை விட்டு இன்னொன்றுக்குப் போவது எளிதானதன் அருமை 2011-இல் தெரிந்தது. அந்த ஏப்ரலில் க்னோம் 3 வந்தது. ஜன்னலைச் சுருக்கும் பொத்தான் இல்லை, திரையில் படவுருக்கள் இல்லை, பழக்கப்பட்ட கீழ்ப்பட்டையும் இல்லை. அதே மாதம் உபுண்டு 11.04 யூனிட்டி என்ற தன் சொந்த முகப்பை முன்னால் நிறுத்தியது. பழகிய திரையைப் பறிகொடுத்த கோபம் உலகமெங்கும் எழுந்தது. லினக்ஸ் கருவை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே பொறுமையிழந்தார். கேடிஇ 4.0 பிடிக்காமல் முன்பு க்னோமுக்கு வந்திருந்தவர், இப்போது க்னோம் 3 பிடிக்காமல் எக்ஸ்எஃப்சிஇ-க்குப் போனார்; பிறகு க்னோமுக்கே திரும்பினார். வேறு சிலர் கோபத்தோடு நிற்கவில்லை. அர்ஜென்டினாக்காரர் ஒருவர் பழைய க்னோம் 2-இன் மூலநிரலைக் கிளைபிரித்து, தென்னமெரிக்கப் பானம் ஒன்றின் பெயரில் மாட்டே என்று வளர்த்தார். லினக்ஸ் மின்ட் குழு, க்னோம் 3-இன் அடித்தளத்தின் மேல் பழைய வடிவிலான சினமனைக் கட்டியது. இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன. யூனிட்டியை உபுண்டுவே கைவிட்டது. 2017 ஏப்ரலில் உபுண்டுவின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் அறிவித்து, 17.10 பதிப்பில் க்னோம் திரும்பி வந்தது.

மாற்றுவது எளிதானதால், ஒன்றுக்கு மேல் நிறுவி வைத்துக்கொள்ளும் பழக்கமும் வந்தது. உபுண்டுவில், பிளாஸ்மாவோடு வரும் குபுண்டுவின் தொகுப்பையும் இறக்கினால் இரண்டு சமையலறை உள்ள வீடு மாதிரி ஆகிவிடுகிறது: இரண்டு கோப்பு மேலாளர், இரண்டு டெர்மினல், கடவுச்சொல் காக்க இரண்டு பெட்டகம். லாகின் திரையை எந்த நிரல் காட்டட்டும் என்று நிறுவும்போதே ஒரு கேள்வி வரும். பிறகு வேண்டாம் என்று அந்தத் தொகுப்பை நீக்கினால், போவது தொகுப்பின் பெயர் மட்டுந்தான். அது கொண்டுவந்த நிரல்கள் பெரும்பாலும் அங்கேயே இருக்கும். தனியாகக் கூட்டித் தள்ள வேண்டும். சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் அதற்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்று வைத்துக்கொள்வதே நல்லது. ஒன்றின் தீமும் எழுத்துரு அமைப்பும் இன்னொன்றில் புகுந்து குழப்பாது.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு கணக்கு உண்டு. யூனிகோடு பரவும் முன்பு, திஸ்கி குறியாக்கத்துக்கென்றே க்யூடி நூலகத்தில் ஒரு மாற்றிப் பகுதி இருந்தது. க்னோம் 2 பக்கம், கொம்பும் காலும் சரியான இடத்தில் அமரும்படி பார்த்துக்கொண்டது பாங்கோ என்ற நூலகம். டெஸ்க்டாப் மாறினால் தமிழின் முகமும் மாறிய காலம் அது. இன்று திரையில் தமிழ் எங்கும் ஒழுங்காகவே தெரிகிறது. உள்ளிடுவதில்தான் வேறுபாடு மிச்சமிருக்கிறது. 2012-இல் வந்த 3.6 பதிப்பிலிருந்தே ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி க்னோமோடு இணைந்திருப்பதால், அமைப்புகளில் தமிழ்99-ஐச் சேர்த்தால் தட்டத் தொடங்கிவிடலாம். வேலண்ட் என்ற புதிய திரை முறையில் ஓடும் பிளாஸ்மா அமர்விலோ, விசைப்பலகை அமைப்புக்குள் ‘மெய்நிகர் விசைப்பலகை’ என்ற, யாரும் எதிர்பார்க்காத தலைப்பின் கீழ் போய் ஐபஸ்ஸையோ எஃப்சிஐடிஎக்ஸையோ தேர்ந்தெடுக்க வேண்டும். புது டெஸ்க்டாப்பின் அழகைப் பார்க்கும் முன், உலாவியில், லிப்ரெஆஃபிஸில், டெர்மினலில் ஒவ்வொரு வரி தமிழில் தட்டிப் பாருங்கள். மூன்றிலும் புள்ளியும் ஒற்றும் சரியாக விழுந்தால்தான் அது நமக்கான டெஸ்க்டாப்.

இத்தனை எளிமைக்கு நடுவே கைநழுவிய ஒன்றையும் சொல்ல வேண்டும். அன்று டெஸ்க்டாப்பை முழுதாக மாற்றுவது கடினம்; ஆனால் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுவது மிகச் சுலபம். அன்றைய படத்திரைக்கு அடிப்படையான எக்ஸ் அமைப்பில் திரையை ஆள்வது ஒரு நிரல், ஜன்னல்களை நகர்த்துவது வேறொரு நிரல். ஜன்னல் மேலாளரின் பெயருக்குப் பின்னால் ‘ரீப்ளேஸ்’ என்று சேர்த்துத் தட்டினால், திறந்திருந்த வேலைகள் அப்படியே இருக்க, மேலாளர் மட்டும் மாறிவிடும். 2006 வாக்கில் காம்பிஸ் என்ற மேலாளர் திரையைக் கனசதுரமாகச் சுழற்றியதைக் கண்டு மயங்கியவர்கள் க்னோமைக் கைவிடாமலே அதைப் பொருத்திக்கொண்டது இப்படித்தான். க்னோம் பேனலோடு ஓப்பன்பாக்ஸ் என்று தனக்கே தனக்கான கலவையைச் செய்து வைத்திருந்தவர்களும் ஏராளம்.

2008-இல் கிறிஸ்தியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட், திரையை ஆள்வதையும் ஜன்னலை ஆள்வதையும் ஒரே நிரலின் பொறுப்பாக்கியது. அதை நடுவில் மாற்றவே முடியாது. அது போனால் பெரும்பாலும் அமர்வே போய்விடும். இதற்கான காரணம் நியாயமானது. எக்ஸ் அமைப்பில் நீங்கள் ஒரு ஜன்னலில் தட்டும் கடவுச்சொல்லை இன்னொரு நிரல் ஒட்டுக்கேட்க முடியும். வேலண்ட் அந்தக் கதவை அடைத்தது. 2016-இல் ஃபெடோரா 25 அதை இயல்பிருப்பாக்கியது. 2024 பிப்ரவரியில் பிளாஸ்மா 6 பின்தொடர்ந்தது. 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49, எக்ஸ் அமர்வை இயல்பாகவே அணைத்து வைத்தது. பாதுகாப்பு முக்கியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் பாகம் பாகமாகக் கழற்றிப் பூட்டிப் பார்த்துத்தான் நம்மில் பலர் கணினியின் உள்ளமைப்பைக் கற்றோம். அந்தக் கல்விக்கு இடம் குறைவதில் எனக்கு வருத்தம் உண்டு.

அந்த இடம் முற்றிலும் மூடிவிடவில்லை. 2024 நவம்பரில் வந்த எல்எக்ஸ்க்யூடி 2.1 என்ற டெஸ்க்டாப், வேலண்டுக்கு மாறும்போது தனக்கென்று ஒரு திரை நிரலைக் கட்டிக்கொள்ளவில்லை. லேப்டபிள்யூசி, வேஃபயர், ஸ்வே, பிளாஸ்மாவின் கேவின் என்று பலவற்றில் எது வேண்டுமோ அதன் மேல் அது ஓடும். அமர்வு அமைப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்தால், பேனலும் மெனுவும் அதே. ஜன்னல்களை ஆளும் நிரல் மட்டும் புதியது.