குழாயில் தண்ணீர் உண்டு, வேகம்தான் இல்லை!

லண்டன் புறநகர்த் தெருக்களில் காலை வேளையில் ஒரு காட்சியைக் காணலாம். வீட்டு வாசலில் ஒரு வேன் நிற்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று பாம்பு போல நெளிந்து வரும். ஓர் ஆள் தரையில் நின்றபடி நீண்ட கம்பு ஒன்றைத் தூக்கிப் பிடித்திருப்பார். கம்பின் நுனியில் ஒரு பிரஷ். பிரஷிலிருந்து தண்ணீர் பீச்சும். மாடி ஜன்னலின் கண்ணாடியைத் தேய்த்துக் கழுவுவார். பிறகு, துடைக்காமலேயே அடுத்த ஜன்னலுக்குப் போய்விடுவார்!

ஏணி எங்கே? ஏணிக்கு வேலை இல்லை.

பிரிட்டனில் வீடு வீடாகச் சென்று ஜன்னல் கழுவுவது ஒரு தொழில். முன்பெல்லாம் வாளியும், துணியும், ரப்பர் பட்டை வைத்த துடைப்பானும், ஓர் ஏணியும் இருந்தால் போதும், தொழில் தொடங்கிவிடலாம். ஆனால் ஈரத் தரையில் ஏணி வழுக்கும். விழுந்தால் இடுப்பு முறியும். உயிரே போனதும் உண்டு. உயரத்தில் செய்யும் வேலைகளுக்காக 2005-ல் அங்கே புதிய விதிகள் வந்தன. ஏணியே கூடாது என்று அந்த விதிகள் சொல்லவில்லை. பலர் அப்படித் தவறாக நினைக்கிறார்கள். தரையில் நின்று செய்ய முடிகிற வேலையை மேலே ஏறிச் செய்யாதே என்பதுதான் விதி. அதனால் தண்ணீர்க் கம்புக்கு மவுசு கூடிவிட்டது.

துடைக்காமல் விட்டால் கறை படியாதா?

சாதாரணத் தண்ணீர் என்றால் கட்டாயம் படியும். லண்டன் வட்டாரத்துத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறி வருவது. அதில் உப்புகள் அதிகம். கண்ணாடியில் தண்ணீர் காய்ந்துபோகும்; உப்பு காயாது. அது வெள்ளைப் புள்ளியாக நின்றுவிடும். உப்பை அடியோடு நீக்கிய தண்ணீரில் புள்ளி வைப்பதற்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் துணி தேவைப்படுவதில்லை.

உப்பை நீக்குவது எப்படி? நம் ஊர்ச் சமையலறைகளில் இப்போது இருக்கிறதே, ஆர்.ஓ. இயந்திரம், அதே முறைதான். கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உள்ள ஒரு சவ்வு. அதன்மீது தண்ணீரை அழுத்தினால் தண்ணீர் மட்டும் மறுபக்கம் போகும். உப்பில் பெரும்பகுதி இந்தப் பக்கமே நின்று, கழிவு நீரோடு வெளியேறும். இதற்கு ஏற்ற சவ்வை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய இருவரில் ஒருவர் இந்தியாவில் பிறந்த சௌரிராஜன். மற்றவர் சிட்னி லோப். இன்று லண்டனில் ஜன்னல் கழுவுகிறவரின் கொட்டகையில் உள்ள சவ்வு, அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

இதில் "அழுத்தினால்" என்ற சொல்லைக் கவனியுங்கள். தொல்லை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பசி தீராத சவ்வு

புதிதாகத் தொழில் தொடங்குகிற ஒருவர் கையிருப்பைப் போட்டு வேன், தொட்டி, கம்பு எல்லாம் வாங்குகிறார். கொட்டகையில் சவ்வை மாட்டி, வீட்டுக் குழாயோடு இணைக்கிறார். விடிந்தால் தொட்டி நிறைந்திருக்கும் என்று படுக்கப் போகிறார். காலையில் பார்த்தால், கால் தொட்டிதான் இருக்கிறது! அன்று வரச் சொன்ன வீடுகளுக்கு என்ன பதில் சொல்வது?

கம்பெனிக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவருக்குத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏமாற்று இல்லை என்பது தெரியும்.

10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் அடியில் எவ்வளவு அழுத்தம் இருக்குமோ, அதுதான் ஏறத்தாழ 1 பார். நாளுக்குச் சுமார் 1,100 லிட்டர் தரும் என்று எழுதிய சவ்வு, 4 பார் அழுத்தத்தில், வெதுவெதுப்பான 25 டிகிரித் தண்ணீரில்தான் அவ்வளவு தரும். மணிக்கு 45 லிட்டருக்குச் சற்று மேல். 400 லிட்டர்த் தொட்டி ஒன்பது மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும்.

ஆனால் வீட்டுக் குழாயில் வருவது 2 பார் என்று வைத்துக்கொள்வோம். விளைச்சல் பாதியாகிவிடும். குளிர்காலத்தில் தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கும். தண்ணீர் குளிர்ந்தால் சவ்வில் புகுவது கடினம். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 3 சதவீதம் குறையும். இரண்டும் சேர்ந்தால் மணிக்கு 15 லிட்டர் கிடைப்பதே அரிது. அதே தொட்டி நிறைய ஒரு நாளுக்கும் மேல் ஆகும்!

இன்னொரு நஷ்டமும் உண்டு. அழுத்தம் குறைந்தால் நல்ல தண்ணீரின் அளவு குறைகிறதே தவிர, சவ்வைத் தாண்டுகிற உப்பு அதே அளவில் குறைவதில்லை. எனவே கிடைக்கிற கொஞ்சத் தண்ணீரிலும் உப்பு கூடுதலாக இருக்கும். மிச்ச உப்பைப் பிடிப்பதற்காக அடுத்த உருளையில் பிசின் மணிகள் வைத்திருப்பார்கள். அவை சீக்கிரம் தீர்ந்துபோகும். புதிய மணிகளுக்குக் காசு வேண்டும். தண்ணீரும் குறைவு, செலவும் அதிகம்.

தண்ணீர் வழங்குகிற கம்பெனியிடம் முறையிட்டால்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ள விதிப்படி, வீட்டு இணைப்புக்கு 7 மீட்டர் உயர அழுத்தம் தந்தால் போதும். அதாவது 0.7 பார். குளிப்பதற்கும் சமைப்பதற்கும் அது காணும். சவ்வுக்கோ யானைப் பசிக்குச் சோளப்பொரி!

மானி சொல்லும் பொய்

அழுத்தமானியை வாங்கி மாட்டுகிறவர்களும் ஏமாறுவது உண்டு. குழாயின் மறுமுனையை மூடிவைத்துப் பார்த்தால் முள் 3 பாரில் நிற்கும். "போதுமே!" என்று தோன்றும். தண்ணீரை ஓடவிட்டால் அதே முள் 1½-க்கு விழலாம். ஓடாத தண்ணீரின் அழுத்தம் ஒன்று. ஓடுகிற தண்ணீரின் அழுத்தம் வேறு. சவ்வுக்குத் தேவை ஓடும்போது இருக்கிற அழுத்தம். ஆகவே இயந்திரம் வேலை செய்துகொண்டிருக்கும்போதுதான் மானியைப் பார்க்க வேண்டும்.

ஒரு மானி போதாது; வடிகட்டிகளுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று வைப்பது நல்லது. முன்னால் 3, பின்னால் 2 என்றால் குற்றம் தெருக் குழாயில் இல்லை. சவ்வுக்கு முன்னே உள்ள தூசி வடிகட்டியோ, கரி வடிகட்டியோ அடைத்திருக்கிறது. அதை மாற்றினால் சரியாகிவிடும். முன்னாலேயே குறைவாக இருந்தால், வீட்டுக்குள் வரும் வழியில் உள்ள அடைப்புக் குழாய் முழுக்கத் திறந்திருக்கிறதா, தோட்டக் குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பாதி வீடுகளில் கோளாறு இதற்கு மேல் போவதில்லை என்று தொழில் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

கழிவு நீர் போகும் வழியிலும் ஒரு கண் வேண்டும். அதை அகலத் திறந்துவிட்டால் அழுத்தம் நிற்காமல் ஓடிவிடும். சிக்கனம் என்று நினைத்து இறுக்கி மூடினாலோ, உப்பு சவ்விலேயே படிந்து அதைக் கெடுத்துவிடும்.

எல்லாம் பார்த்த பிறகும் அழுத்தம் போதவில்லையா? சவ்வுக்கு முன்னால் ஒரு சிறிய பம்ப்பு வைக்க வேண்டும். சமையலறை ஆர்.ஓ. பெட்டிக்குள் "விர்" என்று சத்தம் கேட்கிறதே, அதே வேலைதான். தெருக் குழாயோடு இணைத்த பம்ப்பு நிமிடத்துக்கு 12 லிட்டருக்கு மேல் இழுப்பதாக இருந்தால், 1999-ஆம் ஆண்டு விதிகளின்படி தண்ணீர்க் கம்பெனிக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளின் தண்ணீரும் அதே குழாயில்தானே வருகிறது! சவ்வுக்கான சிறிய பம்ப்புக்கு அவ்வளவு இழுக்கும் சக்தி இல்லை. பம்ப்பு வாங்கப் பணம் இல்லாதவர் இரவில் நிரப்பலாம். தெருவே தூங்குகிற நேரத்தில் அழுத்தம் ஏறும். தொட்டி வழியாமல் இருக்க ஒரு மிதவை வால்வு போதும்.

கம்பின் நுனியில் சொட்டினால்

தொட்டி நிறைந்துவிட்டது, ஆனால் கம்பின் நுனியில் தண்ணீர் சொட்டுகிறது. இது வேறு கதை. இங்கே தெருக் குழாய்க்குச் சம்பந்தமே இல்லை. வேனில் உள்ள 12 வோல்ட் பம்ப்புதான் தண்ணீரை மேலே தள்ளுகிறது. 15 மீட்டர்க் கம்பு என்றால் தண்ணீரை அந்த உயரத்துக்கு ஏற்றவே 1½ பார் போய்விடும். நீண்ட, மெல்லிய குழாயின் உராய்விலும் கொஞ்சம் போகும். நல்ல பம்ப்பு அதையும் தாங்கும். அப்படியும் சொட்டினால் முதலில் பாட்டரியைப் பார்க்க வேண்டும். அடுத்தது பம்ப்பின் வாயில் உள்ள சல்லடையை. மூன்றாவது, தொட்டிக்கும் பம்ப்புக்கும் இடையே உள்ள இணைப்பு. அது தளர்ந்திருந்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது. மாறாக உள்ளே காற்றை இழுக்கும். பம்ப்பு உறுமும், தண்ணீர் வராது. இணைப்பை இறுக்கி, குழாயின் மறுமுனையைத் திறந்து காற்றை வெளியேற்றிவிட்டால், இரண்டு நிமிடத்தில் பிரஷில் தண்ணீர் பீச்சத் தொடங்கும்.